பாட்டு வேண்டும், பாடியவள் வேண்டாமா?

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர், நம் காமாட்சியின் பிள்ளை என்று சியாமா சாஸ்திரியைக் காஞ்சிபுரத்து மேடைகளில் சொந்தம் கொண்டாடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அவர் இந்த ஊரில் பிறக்கவில்லை. பிறக்க வழியில்லாமல் போயிற்று. படையெடுப்புக்குப் பயந்து தங்கக் காமாட்சியைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரைவிட்டு ஓடிய அர்ச்சகர் குடும்பம் அவருடையது. வைசூரி கண்ட பிள்ளை என்று சொல்லித் துணியால் மூடி எடுத்துப் போனார்களாம். பொன் மேனி வெளியே தெரியக் கூடாதென்று புனுகு பூசினார்களாம். எங்கள் ஆயா இதைச் சொல்லும்போது நேற்று பக்கத்து வீட்டில் நடந்ததைப்போலச் சொல்லுவாள். செஞ்சி, உடையார்பாளையம் என்று ஊர் ஊராக அலைந்து, ஒரு வழியாகத் திருவாரூரில் தங்கினார்கள். அங்கேதான் 1762-ல் வேங்கடசுப்பிரமணியன் என்ற இயற்பெயரோடு சியாமா சாஸ்திரி பிறந்தார். வீட்டில் செல்லமாகச் சியாமகிருஷ்ணன் என்று கூப்பிட்டதே பிற்பாடு பாட்டின் முத்திரை ஆயிற்று. 1781-ல் ஹைதர் அலியின் படை சோழநாட்டுக்குள் நுழைந்தது. மறுபடியும் மூட்டை கட்டினார்கள். துளஜா மன்னர் காலத்தில் தஞ்சாவூர் மேலவீதியில் அம்மனுக்கு ஒரு கோயில் அமைந்த பிறகுதான் அந்தக் குடும்பத்தின் ஓட்டம் நின்றது.

இதே ஊரிலிருந்து உடையார்பாளையத்துக்குப் போன வரதராஜப் பெருமாள் திரும்பி வந்துவிட்டார். 1710-ல் அவரை மீட்டுக் கொண்டுவந்து சேர்த்ததைச் சின்ன காஞ்சிபுரத்துக் கோயிலில் கல்வெட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். தங்கக் காமாட்சி மட்டும் இன்றைக்கும் வரவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் அவளுடைய சன்னதி காலியாக இருக்கிறது. அதற்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. நானும் விட்டிருக்கிறேன். ஆனால் நான் இங்கே எழுத வந்தது இன்னொரு காலி இடத்தைப் பற்றி.

சியாமா சாஸ்திரிக்குச் சீடர்கள் குறைவு. தியாகராஜருக்கு இருந்ததுபோல ஏட்டில் எழுதிக்கொண்டு நாலு திசையும் பரப்பும் கூட்டம் அவருக்கு இல்லை. கோயில் பூஜை, வீடு, அம்பாளுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுவது, அவ்வளவுதான் அவர் வாழ்க்கை. இன்றைக்குக் கையில் இருக்கும் பாடல்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தில் மூன்று ஸ்வரஜதிகள் இருக்கின்றன: பைரவி, யதுகுலகாம்போதி, தோடி. ஸ்வரஜதி எங்கிருந்து வந்தது என்று யாராவது மேடையில் சொல்கிறார்களா? அது தேவதாசிகளின் நடனமான சதிரில் ஆடியது. ஜதிக்குக் கால் தட்டி, ஸ்வரத்துக்கு அடவு வைத்து, அந்த மரபில் வந்த எங்கள் வீட்டுப் பெண்கள் ஆடிய உருப்படி. அதிலிருந்து ஜதியை எடுத்துவிட்டு, உட்கார்ந்து பாடும் பாட்டாக மாற்றியது அந்த மகானின் கைவண்ணம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பைரவியைப் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எட்டுச் சரணம். முதல் சரணம் ஷட்ஜத்தில் எடுக்கும், அடுத்தது ரிஷபத்தில், அதற்கடுத்தது காந்தாரத்தில். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி எட்டாவது சரணம் மேல் ஷட்ஜத்தில் போய் நிற்கும். பிள்ளையார்பாளையத்திலிருந்து என்னிடம் பாடம் கேட்க வரும் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி ஐந்தாவது சரணம் வரும்போது தானாகவே முதுகை நிமிர்த்திக்கொள்வாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. பாட்டே நிமிர்த்துகிறது. மிஸ்ர சாபு தாளத்தில் அவள் கை தடுமாறுவதும் இல்லை, வீட்டில் பகல் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ.

சரி, இந்தப் பாட்டு எப்படிக் காஞ்சிபுரத்துக்கு வந்தது? சியாமா சாஸ்திரி 1827-ல் மறைந்தார். மகன் சுப்பராய சாஸ்திரியிடம் வித்தை நின்றது. தஞ்சை அரண்மனையில் ஆடியும் பாடியும் வாழ்ந்த ஒரு குடும்பத்துப் பெண்கள் அவரிடம் நேரே பாடம் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தியின் பெயரும் காமாட்சிதான். அந்தக் காமாட்சியம்மாளின் பேத்தி வீணை தனம்மாள். தனம்மாளின் பேத்தி பிருந்தா. சிறு வயதில் பிருந்தாவையும் தங்கை முக்தாவையும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் குருகுலவாசத்துக்கு அனுப்பினார்கள். அந்த நாயனாப் பிள்ளை யார்? ஊரே கைதட்டிக் கேட்ட காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் தங்கை மகன். 1925-ல், பிற்பாடு நாட்டியத்தில் பேர்பெற்ற பாலசரசுவதி ஏழு வயதுக் குழந்தையாக அரங்கேறியது இதே ஊரின் அம்மனாட்சி அம்மன் கோயிலில். அவளும் தனம்மாளின் பேத்திதான். அம்மன் திரும்பவில்லை, ஐயா. அம்மன்மேல் பாடிய பாட்டைப் பாதுகாத்த குடும்பம் இங்கே வந்தது. அதைச் சுமந்து வந்தவர்கள் யாரென்று கேட்டால் மட்டும் இந்த ஊர் வேறு பக்கம் பார்க்கிறது.

பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். 1947-ல் அதைத் தடுக்கும் சட்டம் வருவதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாயும் எங்கள் குலத்தவர். அதே போராட்டத்தில் நின்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் எங்களவர். ஒரு குழந்தையைக் கேட்காமலே கோயிலுக்கு எழுதிக் கொடுத்த கொடுமையை நான் எதற்காகத் தாங்கிப் பேசப்போகிறேன்? ஆனால் வழக்கத்தை ஒழித்தவர்கள் கூடவே பாட்டையும் பிடுங்கிக்கொள்ளச் சொன்னார்களா? சதிர் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் அதையே பரதநாட்டியம் என்று பெயர் மாற்றித் தங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சலங்கை கட்டினார்கள். சலங்கை கட்டிப் பழகியவள் பாத்திரம் கழுவப் போனாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் கட்டி எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே அங்கே பாட முடியாமல் பெண்களைத் திரட்டித் தனிக் கட்சி நடத்த வேண்டியிருந்தது. அவளுக்கே அந்தக் கதி. எங்கள் ஆயாவுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? கல்யாண வீடுகளில் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கோயிலில் கற்பூர ஆரத்தியின்போது பாடிக்கொண்டிருந்தவள், வரிசையில் நின்று வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு வந்தாள். வீட்டில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பைரவியை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். சத்தமாகப் பாடாதே, தெருவில் கேட்கும் என்பாள். அம்பாளைக் கூப்பிடும் பாட்டைத் தெருவுக்குக் கேட்காமல் பாடச் சொல்லும் நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

போன நவராத்திரியில் ஒரு சபாவில் பாட அழைத்தார்கள். அறிமுகக் குறிப்பு கேட்டார்கள். பைரவி ஸ்வரஜதி என் ஆயாவிடம் கேட்ட பாடம், ஆயா இந்த ஊரில் கோயில் கைங்கர்யம் செய்த தேவதாசி மரபில் வந்தவள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அதை வாங்கிப் படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். ஒரு கோடு போதாதென்று எழுத்தே தெரியாதபடி இன்னும் இரண்டு கோடு இழுத்தார். "இதெல்லாம் எதுக்கும்மா, ஃபேமிலியா வர்ற இடம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. என்மேல் அக்கறைப்பட்டுச் சொல்வதைப்போலச் சொன்னார். எனக்குப் பிறகு பாடியவரின் அறிமுகத்தில் குரு, குருவின் குரு, அவருடைய குரு என்று நாலு தலைமுறை வாசித்தார்கள். எல்லாம் ஆண் பெயர்கள். நான் பாடினது எந்தக் குருவும் இல்லாமல் ஆகாயத்திலிருந்து விழுந்த பாட்டாம்.

ஃபேமிலியா வர்ற இடமாம். எங்களுடையது என்னது? தாய், மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கமகம் நழுவாமல் காப்பாற்றியது குடும்பம் இல்லாமல் வேறென்ன?

இந்த ஊரில் இது புதிதும் இல்லை. பட்டுப்புடவை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டியில் கடைக்காரர் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு நெய்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. எங்களுக்கும் அதே நியாயம்தான் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு நடப்பதும் அநியாயம்தான்.

அகதியாக ஓடிய குடும்பத்தின் பிள்ளையை இரண்டு நூற்றாண்டு கழித்து நம்மவர் என்று தோளில் தூக்கிக்கொள்ளும் இந்த ஊர், ஓடாமல் இங்கேயே கிடந்த எங்களை இன்னும் வெளியாளாகப் பார்க்கிறது. நான் சிலை கேட்கவில்லை, தெருவுக்குப் பெயர் கேட்கவில்லை, பொன்னாடை கேட்கவில்லை. தனகோடி அம்மாள் வாழ்ந்த ஊர் இது என்று நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை சொல்லுங்கள். அம்மனாட்சி அம்மன் கோயிலில் 1925-ல் யார் ஆடினாள் என்று சொல்லுங்கள். சியாமா சாஸ்திரியைக் கொண்டாடும் மேடையில் அவர் பாட்டைக் காப்பாற்றிய பெண்களின் பெயர்களையும் மூச்சுவிடாமல் முழுசாகப் படியுங்கள்.

இந்த நவராத்திரிக்கும் யாராவது வந்து கூப்பிடுவார்கள். அறிமுகத்தில் ஆயாவைப் பற்றிய அதே வரியைத்தான் எழுதித் தருவேன். அடிப்பதென்றால் என் பெயரையும் சேர்த்து அடித்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.