வாடகையே ஈ.எம்.ஐ. கட்டும்னு சொல்றவங்களுக்கு ஒரு நீண்ட இழை

அரசு வேலையில சேர்ந்த ஒவ்வொரு டாக்டருக்கும் ஆறு மாசத்துக்குள்ள ஒரு அறிவுரை வந்து சேர்ந்துடும். சொல்றது சீனியரா இருக்கலாம், மாமனாரா இருக்கலாம், யூடியூப்ல கோட் போட்ட யாரோ ஒருத்தரா இருக்கலாம். "லோன் போட்டு ஒரு வீடு வாங்கிப் போடு தம்பி. வாடகையே ஈ.எம்.ஐ. கட்டிடும். நீ தூங்கும்போதும் காசு வரும்." காரைக்குடியில டாக்டர், வாத்தியார், பேங்க் ஊழியர்னு மாசச் சம்பளம் வாங்கற எல்லாருக்கும் இதே பாட்டுதான்.

இது பொய். யாரும் பேப்பர் பேனா எடுத்து உட்கார்றதில்லைங்கறதால ஓடிக்கிட்டு இருக்கற பொய்.

உட்காருவோம். கணக்குக்காக 40 லட்ச ரூபாய் வீடுன்னு வச்சுக்குங்க. வாடகை மாசம் 10,000. நம்ம ஊர்ல கழனிவாசல் பக்கமோ செக்காலை பக்கமோ விசாரிச்சவங்களுக்கு இது ஒண்ணும் குறைச்சலான கணக்கு இல்லைன்னு தெரியும். வருஷத்துக்கு 1,20,000, அதாவது 3 சதவீதம். இதுல ரெண்டு மாசம் வீடு பூட்டிக் கிடக்கும், சொத்து வரி இருக்கு, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு இருக்கு. கையில நிக்கிறது 2 சதவீதம் சொச்சம். பேங்க்ல டெபாசிட் போட்டா இதைப் போல ரெண்டு மூணு மடங்கு வருது. அதுக்கு செப்டிக் டேங்க் சுத்தம் பண்ண வேண்டாம்.

லோன் பக்கம் வாங்க. 30 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னா ஈ.எம்.ஐ. ஏறக்குறைய 26,000. வாடகை 10,000. மிச்சம் 16,000 மாசாமாசம் உங்க சம்பளத்துல இருந்து போகுது. இதைத்தான் "தானா வர்ற வருமானம்"னு சொல்றாங்க!

பத்திரச் செலவை யாரும் வாயே திறந்து சொல்றதில்லை. தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் மதிப்புக்கு 3,60,000. சரியா மூணு வருஷ வாடகை. சாவியை வாங்கறதுக்கு முன்னாடியே மூணு வருஷம் ஓசியில விட்டாச்சு.

வரியில மிச்சம் பிடிக்கலாம்னு ஒரு ஆடிட்டர் நண்பர் சொல்லுவார். பழைய வரி முறையில வீட்டுக் கடன் வட்டியால வர்ற நஷ்டத்தைச் சம்பளத்துல இருந்து வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும் கழிக்கலாம், உண்மைதான். புதிய முறையில அதைச் சம்பளத்துல கழிக்க முடியாது. நம்மள்ல பாதிப் பேர் புதிய முறைக்கு மாறியாச்சு, ஆனா அறிவுரை மட்டும் பழைய முறையிலேயே நிக்குது.

"விலை ஏறுமே டாக்டர், மண்ணு ஏமாத்தாதே?" இந்தக் கேள்வியை வேற ஊர்ல கேட்டா மன்னிச்சுடலாம். செட்டிநாட்டுல உட்கார்ந்துக்கிட்டுக் கேட்கலாமா?

பர்மாவுக்குப் போன நகரத்தார் நிலம் வாங்கப் போகலை, வட்டிக்குக் கடன் கொடுக்கப் போனாங்க. 1930ல கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல அவங்க கையில இருந்த நிலம் 6 சதவீதம்தான். உலகப் பொருளாதார வீழ்ச்சியில நெல் விலை படுத்துச்சு, கடன் திரும்பலை, அடமானம் வச்ச வயலெல்லாம் அவங்க தலையில விழுந்துச்சு. 1937 வாக்கில அது 25 சதவீதம். கணக்குப் புத்தகத்துல பெரிய சொத்து. விற்க முடியாது, ஊருக்குத் தூக்கிட்டு வரவும் முடியாது, உழுதவனுக்கோ நிலம் போன கோபம். 1942ல ஜப்பான்காரன் வந்தான், 1948ல பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்க சட்டம் போட்டுச்சு. முடிஞ்சது கதை.

அவ்வளவு தூரம் ஏன்? கானாடுகாத்தான்லயும் கோட்டையூர்லயும் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்க. பர்மா தேக்கு, ஆத்தங்குடி கல், முகப்பு, வளவுன்னு ஒரு தெரு முழுக்க நீளுற வீடுகள், பூட்டிக் கிடக்கு. பல வீட்டுல விற்கணும்னா பங்காளிகள் அத்தனை பேர் கையெழுத்தும் வேணும், ஒருத்தர் சிங்கப்பூர்ல இருப்பார், ஒருத்தர் போனையே எடுக்க மாட்டார். இடிச்ச வீட்டுத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோவில் தெருவுல விலைச்சீட்டோட நிக்குது. அவசரத்துக்கு அரைவாசி வீட்டை விற்க முடியாதுங்கறதை இதைவிட எப்படிச் சொல்றது?

சரி, நஷ்டம்னா அவரவர் காசு, டாக்டருக்கு என்ன போச்சுன்னு கேட்கலாம். என் கோபமே இங்கதான் ஆரம்பிக்குது. அந்த 16,000 துண்டு விழுதில்ல? அதைப் புது ஹவுஸ் ஓனர் எங்கிருந்து எடுக்கறார்னு பாருங்க.

முதல்ல கரண்ட். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை முதல் 100 யூனிட் அரசு இலவசமா கொடுக்குது. ஓனர் ஒரே சர்வீஸ்ல மூணு குடித்தனத்துக்கு சப்-மீட்டர் மாட்டி, முதல் யூனிட்ல இருந்தே ஒரே ரேட்டா வசூல் பண்றார். அரசாங்கம் ஏழைக்குக் கொடுத்த மானியம் மாடிப்படி ஏறி ஓனர் வீட்டுக்குப் போயிடுது.

அடுத்தது ஒத்தி. இதுதான் எல்லாத்துலயும் மோசம், நம்ம பக்கத்துல இது சாதாரணமா நடக்குது. அறிவுரை சொல்றவங்க இப்பெல்லாம் இதை ஒரு "டெக்னிக்"காவே சொல்லித் தர்றாங்க: லோன்ல வீடு வாங்கு, உடனே அஞ்சு லட்சத்துக்கு ஒத்திக்கு விடு, கைக்காசை அதுல திருப்பி எடுத்துக்கோ. அந்த அஞ்சு லட்சம் யாரோடது? மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது, வளைகுடாவுல வெயில்ல நின்னு அனுப்பினது. மூணு வருஷம் கழிச்சுக் கேட்டா, "அடுத்த ஆள் வந்தாத்தான் தர முடியும்"னு பதில் வரும். ஏன்னா பணம் செலவாகிப் போச்சு.

ஓனர் ஈ.எம்.ஐ. கட்டலைன்னா பேங்க் 2002ம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்துல வீட்டைக் கையில எடுக்கும். வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, பதிவு பண்ணாத ஒத்தியை அந்த இடத்துல யாரும் மதிக்க மாட்டாங்க. சுவாதீன அடமானம்னா பதிவு பண்ணணும்னு 1882ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டமே சொல்லுது. வீடும் போய் பணமும் போய் நிக்கறவங்கள்ல சில பேர், ராத்திரி டியூட்டியில எங்க வார்டுக்கு வர்றாங்க. எதைக் குடிச்சுட்டு வர்றாங்கன்னு நான் எழுத வேண்டியதில்லை.

அப்புறம் செவுரு. ஓதம் ஏறின ஒத்தை ரூம், ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் செவுரு, அதுல அஞ்சு பேர். மருத்துவரா என்னால இதைச் சும்மா பார்க்க முடியலை. காசநோய்க்கு மாத்திரை இலவசம், மாசம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்கு அரசு கொடுக்குது (2024 நவம்பர் வரைக்கும் 500). காத்தும் வெயிலும் யார் கொடுக்கறது? பாஸ்புக்ல ஏத்த முடியாதே.

நோயாளிகள் என்கிட்ட கேட்கறது என்ன தெரியுமா? "ஐயா, வீட்டுக்கு மட்டும் யாரையும் அனுப்பாதீங்க. ஹவுஸ் ஓனருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாரு." ஒரு அம்மா முகவரியையே மாத்திக் கொடுத்திருந்தாங்க. பாதியில மாத்திரை நின்னா மருந்துக்கு அடங்காத காசநோய் வரும், அது தெருவுக்கே பரவும். மருந்தை ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சா சில வாரத்துல பெரும்பாலானவங்களுக்குத் தொற்றும் தன்மை வெகுவா குறைஞ்சிடும். இதைத் தெரிஞ்சுக்காத ஓனர், நோயை வெளியே அனுப்பறதா நினைச்சுக்கிட்டு ஊருக்கே பரப்பறார்.

சக டாக்டர்களே, உங்களுக்குத்தான் இது. 2020 மார்ச் ஞாபகம் இருக்கா? நாடு முழுக்க டாக்டர்களையும் நர்ஸ்களையும் "கொரோனா வார்டுல வேலை பார்க்கறீங்க, வீட்டைக் காலி பண்ணுங்க"ன்னு ஓனர்கள் சொன்னாங்க. எய்ம்ஸ் ரெசிடெண்ட் டாக்டர்கள் உள்துறை அமைச்சருக்கே கடிதம் எழுத வேண்டி வந்துச்சு. அடுத்த மாசம் வந்த அவசரச் சட்டத்துல, மருத்துவப் பணியாளர் குடியிருக்க விடாமத் தொல்லை பண்றதும் வன்முறைன்னு எழுதினாங்க. அன்னைக்கு மூட்டையைக் கட்டின நம்மள்ல சிலர் இன்னைக்கு டூலெட் போர்டு மாட்டி, வந்தவங்ககிட்ட "என்ன ஆளுங்க நீங்க, கறி சமைப்பீங்களா"ன்னு விசாரிக்கறோம்.

வீடே வாடகைக்கு விடக் கூடாதுன்னு நான் சொல்லலை. இந்த ஊருக்கு வாடகை வீடு வேணும். அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் சிக்ரிக்கும் வெளியூர்ல இருந்து படிக்க வர்ற பிள்ளைங்க எங்க தங்கும்? ஓனரா இருக்கறது ஒரு வேலை, அதுக்கு உழைப்பு இருக்கு, பொறுப்பு இருக்கு. அதைத் தூக்கத்துல வர்ற காசுன்னு விற்கறவங்களோடதான் என் சண்டை. அதுவும் அரசு டாக்டருக்கு அடுத்த கவுன்சலிங்ல எந்த ஊர்னே தெரியாது. கிருஷ்ணகிரிக்கு மாத்தல் ஆனா இங்க குழாய் உடைஞ்சதுக்கு யார் ஓடுறது?

ஏற்கெனவே வீடு இருக்கு, விடத்தான் போறேன்னா, 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறையில இருக்கற தமிழ்நாடு வாடகைச் சட்டத்தை ஒரு தடவை படிங்க. எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், ஆன்லைன்லயே பண்ணலாம். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேட்க முடியாது. பத்து மாச அட்வான்ஸ்ங்கறது புரோக்கர் சொல்ற சட்டம். வெள்ளையடிப்பு, குழாய் மாத்தறது, ஒயரிங் எல்லாம் ஓனர் செலவு. வீட்டுக்குள்ள வரணும்னா 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும். தண்ணியையும் கரண்டையும் நிறுத்திக் காலி பண்ண வைக்கறது சட்டவிரோதம். அரசு ஊழியர்னா, வீடு வாங்கறதை 1973 நடத்தை விதிகள்படி துறைக்கும் தெரிவிக்கணும்.

ஒத்திக்குப் போறவங்க பணத்தைக் கொடுக்கறதுக்கு முந்தின நாள் அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. பத்திரத்தை பேங்க்ல வச்சுக் கடன் வாங்கியிருந்து, அந்த ஆவணத்தைப் பதிவு பண்ணியிருந்தா அதுல தெரியும். தெரிஞ்சா ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீங்க. ஓனர் டாக்டரா இருந்தாலும் சரி.