ஒன்றாம் வகுப்பும் திசைச்சொல்லும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையொன்று ஓடிவந்து, "எங்கூட்டு ஆடு குட்டி போட்டிருச்சு டீச்சர்" என்கிறது. "எங்கள் வீட்டு ஆடு என்று சொல்" என்கிறோம். எத்தனை குட்டி, என்ன நிறம் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. மறுநாள் அக்குழந்தை வாய் திறப்பதில்லை. அதை அடக்கம் என்று மெச்சிக்கொள்கிறோம்.

இப்பிழையில் முதற்பங்கு தமிழ் படித்த நமக்கே உரியது. பேச்சு கொச்சை, ஏடே செம்மை என்ற எண்ணத்தை விதைத்தவர்கள் நாம். தொல்காப்பியர் அவ்வாறு எண்ணவில்லை. உலக வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்தவர் என்கிறது பாயிரம். செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் திசைச்சொல்லுக்கும் அவர் இடமளித்தார். செய்யுளுக்குள் நுழையத் தகுதி பெற்ற வட்டாரச் சொல் வகுப்பறைக்குள் நுழையலாகாதா?

எழுத்துமொழி வேண்டும், வீட்டில் புத்தகமில்லாத குழந்தைக்கு மிகுதியாகவே வேண்டும். ஆனால், பேசும் மொழியின் தோளில்தான் அது ஏறிவர முடியும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. எது தாய்மொழி? பாடநூலில் உள்ளதா, தாயின் வாயில் உள்ளதா?

முதல் நான்கு வாரங்கள் குழந்தை பேசட்டும், நாம் கேட்போம். சுவரில் தொங்கும் எழுத்துப் படத்தில் 'ஆ'வுக்கு ஆடுதான் நிற்கிறது. குழந்தை கொண்டுவந்த ஆட்டிலிருந்தே அவ்வெழுத்தைத் தொடங்குவோம். இல்லையேல், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில் வாய்மூடி அமர்ந்திருக்கும் அதே பிள்ளையைப் பார்த்து, 'இக்காலத்து மாணவர்க்குத் தமிழ் வரவில்லை' என்று புலம்பும் உரிமை நமக்கில்லை.