நிற்கிற வண்டி எவ்வளவு தின்னும்?



எலெக்ட்ரிக் காரை நாலு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி தானாகக் காலியாகிவிடும், வாங்கி ஏமாறாதீர்கள் என்று ஒரு செய்தி போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த மாதம் மட்டும் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தச் செய்தியில் பாதி பொய். மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது, அதைக் கார் விற்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

லித்தியம் பேட்டரி சும்மா இருந்து தானாக இழப்பது மாதத்துக்குச் சில சதவீதம்தான். அதற்கு மேல் குறைந்தால் அது கசிவு இல்லை, யாரோ குடிக்கிறார்கள் என்று அர்த்தம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி நம் பக்கம் எத்தனை வருடச் சண்டை! கசிகிற தண்ணீர் வீண் என்றது ஒரு தரப்பு, அதுதான் எங்கள் கிணற்றுக்கு வருகிறது என்றது இன்னொரு தரப்பு. காரிலும் அதே கேள்விதான். போகிற மின்சாரம் எங்கே போகிறது?

பூட்டி வைத்த காருக்குள் சில கம்ப்யூட்டர்கள் அரைத்தூக்கத்தில் இருக்கின்றன. சாவி பக்கத்தில் வருகிறதா என்று ஒன்று காது கொடுத்துக்கொண்டிருக்கும். போன் ஆப்பிலிருந்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று இன்னொன்று. டெஸ்லா தன் கையேட்டிலேயே நிற்கும் வண்டியில் ஒரு நாளைக்குச் சுமார் 1 சதவீதம் குறையும் என்று எழுதியிருக்கிறது. அதே விகிதத்தை டியாகோவின் 24 யூனிட் பேட்டரிக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 0.24 யூனிட், அதாவது இருபத்துநாலு மணி நேரமும் எரியும் 10 வாட் பல்பு. மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். இதற்காக யாரும் சொத்தை விற்க வேண்டியதில்லை. ஆனால் கேமராக்களை விழிக்க வைத்துச் சுற்றுமுற்றும் காவல் காக்கிற வசதியைப் போட்டுவிட்டு நிறுத்தினால் கதை வேறு. தொடர்ந்து 200 வாட் இழுத்தால் ஒரே நாளில் கிட்டத்தட்ட 5 யூனிட் போய்விடும்.

ஆக, பெரிய பேட்டரி அல்ல பிரச்சினை. சின்னதுதான்.

எலெக்ட்ரிக் காரிலும் பழைய காரில் இருப்பது போல ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. வாங்கியவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. கதவுப் பூட்டு, திரை, எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிற ரிலே, எல்லாம் அந்தச் சின்னப் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. அது செத்தால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தும் வண்டி கல். பல கார்களில் பெரியது அவ்வப்போது சின்னதுக்கு ஊட்டிக்கொள்ளும். எத்தனை நாள், எந்த அளவு வரை என்பது காருக்குக் கார் மாறும்.

என் அக்கா மகன் வெளிநாட்டில் இருக்கிறான். லீவில் வந்தபோது அக்காவுக்கும் மாமாவுக்கும் என்று ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கி வைத்துவிட்டுப் போனான். டிரைவர் வந்தால்தான் வண்டி நகரும். இரண்டாம் மாதம் மாமாவுக்கு ராத்திரியில் மூச்சுத்திணறல். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பக்கத்து வீட்டுப் பையன் ஓட்ட வந்து நிற்கிறான், வண்டி கதவே திறக்கவில்லை. கடைசியில் 108 வந்தது, மாமா நன்றாக இருக்கிறார். மறுநாள் மெக்கானிக் பார்த்துச் சொன்னது: 12 வோல்ட் காலி. கடையில் தனியாக மாட்டிய கேமரா ஒன்று நேராக அதிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது. சாவியும் போர்ட்டிகோ கதவு ஓரத்து ஆணியிலேயே தொங்கியிருக்கிறது, காருக்கு ஐந்தடி தூரத்தில். போதாததற்கு மருமகன் அங்கிருந்து தினம் நாலு தடவை ஆப்பைத் திறந்து சார்ஜ் எவ்வளவு என்று பார்த்திருக்கிறான். பார்க்கும்போதெல்லாம் வண்டி விழித்திருக்கிறது. தூங்குகிற குழந்தையை எழுப்பி எழுப்பித் தூங்கிவிட்டாயா என்று கேட்ட மாதிரி.

இதில் மருமகனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. விற்கும்போது ஒருவரும் அவனிடம் சொல்லவில்லையே. ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பூட்டி வைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும், எத்தனை நாள் தாங்கும் என்பதையும் அதன் பக்கத்திலேயே போட்டால் என்ன? மஞ்சளைக் குடோனில் இருப்பு வைக்கிற விவசாயிக்கு எடை குறையும் என்று தெரியும், அதைக் கணக்குப் போட்டுத்தான் வைக்கிறார். கார் வாங்குகிறவருக்கும் அந்தக் கணக்கு கிடைக்க வேண்டாமா?

இது நடக்காத காரியமும் இல்லை. ரிமோட்டில் அணைத்த டிவி சும்மா தின்னும் மின்சாரம் 1 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, பிறகு அரை வாட்டுக்குக் குறைத்தது. கம்பெனிக்காரர்கள் செய்துகாட்டினார்கள். டிவிக்கு முடிந்தது பத்து லட்ச ரூபாய் காருக்கு முடியாதா? கார் கம்பெனிகளிலும், அவர்களுக்கு உதிரிபாகம் செய்கிற கோவைத் தொழிற்சாலைகளிலும் என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கூட்டங்களில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள் கண்ணுகளா. வாங்குகிறவர்கள் ஷோரூமில் கேளுங்கள், பதிலை எழுதி வாங்குங்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. வாரக்கணக்கில் நிறுத்துவதானால் பெரிய பேட்டரியை 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் முழுச் சார்ஜோடு நிற்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும், அடிமட்டத்தில் விட்டுப் போவது அதைவிட மோசம். நிழல் முக்கியம். சாவியை வீட்டின் உள்ளறையில் வையுங்கள். காவல் கேமரா வசதியை அணையுங்கள், வெளியே மாட்டிய சாமான்கள் எங்கிருந்து மின்சாரம் எடுக்கின்றன என்று பாருங்கள். வாரம் ஒருமுறை யாராவது அரை மணி நேரம் ஓட்டினால் எல்லாவற்றிலும் நல்லது. 12 வோல்ட் பேட்டரியின் ஒயரைக் கழற்றி வைக்கலாமா என்றால், கையேட்டில் சொல்லியிருந்தால் மட்டும்.

இன்னொன்று. பெரும்பாலான ரிமோட் சாவிகளுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், சின்னப் பேட்டரி செத்தாலும் அதை வைத்துக் கதவைத் திறக்கலாம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள், திரும்பக் கிளம்பும் முன் அதை அப்பா அம்மாவின் கையில் கொடுத்து, ஒரு தடவை அவர்களையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.