முன் ஸீட் யாருக்கு?

பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலைப் பிடிக்க ஜனங்கள் பஸ் ஏறி அரியலூருக்குப் போகிறார்கள். தூரம் 30 கிலோமீட்டர் சொச்சம். சென்ற மாதம் நானும் அப்படித்தான் போனேன். கண்டக்டர் என் கதைகளைப் படிக்கிறவராம். முன் கண்ணாடியின் அருகே இருந்த ஸீட்டில் மரியாதையாக உட்கார வைத்தார். எழுத்தாளனுக்கு இப்படிப்பட்ட மரியாதை அடிக்கடி கிடைப்பதில்லை. ஆகையால் நானும் மறுக்கவில்லை.

கடைசி வரிசையில் ஒரு கிழவியும் அவள் பேத்தியும். அரியலூர் நெருங்க நெருங்க, சுண்ணாம்புக்கல் லாரிகள் குறுக்கிட்டன. டிரைவர் பாய்வதும் சட்டென்று பிரேக் போடுவதுமாக ஓட்டினார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. வாந்தி எடுத்துவிட்டாள்.

"ஏன் ஆயா, இதையெல்லாம் எதுக்குக் கூட்டிக்கிட்டு வர்றே? வீட்டிலேயே கெடக்க வேண்டியதுதானே?" என்று இரைந்தார், என்னிடம் அவ்வளவு மரியாதை காட்டிய அதே கண்டக்டர்.

"காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடுக்கலை, தம்பி" என்றாள் கிழவி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போல.

சிலர் மூக்கைப் பொத்தினார்கள்; சிலர் சிரித்தார்கள். நான் என் ஸீட்டிலேயே இருந்தேன்.

பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள் மனோதைரியம் இல்லாதவர்கள் என்று நம்மில் பலருக்கு அபிப்பிராயம். சுத்த அபத்தம்! 1805-ல் டிரபால்கர் கடற்போரை வென்ற நெல்சன், கப்பலில் குமட்டலால் அவதிப்பட்டவர். அவரையும் கோழை என்று சொல்லிவிடலாமா?

விஷயம் தைரியத்தில் இல்லை, காதில் இருக்கிறது. உட்காதில் திரவம் நிரம்பிய மூன்று வளைகுழாய்கள் உண்டு. வண்டி திரும்புவதையும் குலுங்குவதையும் உட்காது மூளைக்குச் சொல்லுகிறது. கண்ணோ, எதிரேயுள்ள ஸீட்டின் முதுகைப் பார்த்துவிட்டு, "எதுவும் அசையவில்லை" என்கிறது. இந்த முரண்பாடுதான் வயிற்றைப் புரட்டுகிறது. கைப்பேசியில் படித்துக்கொண்டு போனால் இன்னும் மோசம். டிரைவருக்கு ஏன் அநேகமாகக் குமட்டுவதில்லை? அவர் சாலையைப் பார்க்கிறார். அடுத்த வளைவு அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

எலுமிச்சம்பழத்தை முகருவது நம் ஊர் வைத்தியம். அதில் ஆறுதல் காண்கிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் காது செய்கிற கலகத்தை மூக்கின் வழியாக அடக்கிவிட முடியுமா? பட்டினி போடுவதும் வேண்டாத தண்டனை. இரண்டு இட்லியோடு புறப்படலாம். எண்ணெய்ப் பலகாரம்தான் கூடாது. இதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரைக் கேட்டு, புறப்படுவதற்கு அரைமணி, ஒருமணி முன்னதாகவே சாப்பிட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். தூக்கம் வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடச் சுலபமான, காசு செலவில்லாத உதவி ஒன்று உண்டு. குலுங்கல் அதிகமுள்ள கடைசி வரிசையிலிருந்து எழுப்பி, தூரத்துச் சாலை தெரிகிற முன் ஸீட்டில் உட்கார வைப்பதுதான் அது. அதை நாம் யாருக்குக் கொடுக்கிறோம்? அதிகாரிக்கு, தெரிந்தவருக்கு, என்னைப் போன்ற கதை எழுதுகிறவனுக்கு!

பஸ் புறப்படும்போது கண்டக்டர், "யாருக்காவது வண்டி ஒத்துக்காதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? எல்லோரும் பொய் சொல்லி முன்னால் வந்துவிடுவார்கள் என்கிறார் ஒரு சிநேகிதர். "எனக்கு வாந்தி வரும்" என்று ஐம்பது பேர் முன்னிலையில் பொய் சொல்லக்கூடிய ஆசாமி நம் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? உண்மையாகவே வருகிறவர்களே வெளியே சொல்லக் கூசுகிறார்கள் அல்லவா?

அரியலூரில் இறங்கியபோது, அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்காமல் பாட்டியின் பின்னால் ஒதுங்கி நடந்தாள். கண்டக்டர் எனக்குக் கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடுக்கு நான் பாத்திரமல்ல. முதல் குலுக்கலிலேயே நான் எழுந்து இடம் கொடுத்திருக்க வேண்டும்.