பழைய ஹார்டு டிஸ்க் ஓடவில்லையா? ஓட்டுவதற்கு முன் நகலெடுங்கள்!

“சார், ஹார்டு டிஸ்க் போச்சு. வேற ஒண்ணு போட்டு விண்டோஸ் ஏத்தித் தரட்டுமா?”

சித்தப்பாவின் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு போன முதல் கடையில் கிடைத்த பதில் இது. 1998இல் வாங்கிய பென்டியம் கணினி. அதை வைத்துத்தான் அவர் ஊரில் டி.டி.பி. சென்டர் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என எல்லாம் அதில்தான் தயாராயின. வேலை இல்லாத நேரத்தில், பாட்டி பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் அதில் டைப் செய்து வைத்தார். புத்தகமாகப் போட ஆசை, நடக்கவில்லை. பாட்டி இப்போது இல்லை. பாடல்களை எழுதி வைத்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது அந்த டிஸ்க் மட்டும்தான்.

உண்மையில் டிஸ்க் போகவில்லை. செத்துப்போனது, மதர்போர்டில் இருந்த நாணயம் சைஸ் பேட்டரி!

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. “இது ஓடுமா?” என்று கேட்டோம். அவரும் ஓடவைக்க வழி சொன்னார். “உள்ளே இருப்பது வருமா?” என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே கேள்வி மாதிரி தெரியும். ஆனால், செய்ய வேண்டிய வேலை நேரெதிர்.

பழி டிஸ்க் மேல், குற்றம் பேட்டரி மேல்

அந்தக் காலக் கணினிகளில், என்ன டிஸ்க் மாட்டியிருக்கிறது என்ற விவரத்தை பயாஸ் ஒரு குட்டி நினைவகத்தில் வைத்திருக்கும். கணினியை அணைத்த பிறகும் அது அழியாமல் பார்த்துக்கொள்வது 3 வோல்ட் பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 ரகம். எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். பேட்டரி தீர்ந்தால் தேதியும் மறந்துபோகும், டிஸ்க்கும் மறந்துபோகும். திரையில் மட்டும் ‘டிஸ்க் ஃபெயிலியர்’ என்று வரும். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

பேட்டரியை மாற்றி, பயாஸில் நுழைந்து, டிஸ்க்கைத் தானாகக் கண்டுபிடிக்கச் சொன்னால் பல நேரம் வேலை முடிந்தது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘நார்மல்’, ‘லார்ஜ்’, ‘எல்.பி.ஏ.’ என்று மூன்று முறைகளைக் காட்டும். டிஸ்க்கை முதன்முதலில் எந்த முறையில் ஃபார்மட் செய்தார்களோ, அதே முறையில்தான் படிக்க வேண்டும்.

ஏன் இந்தக் குழப்பம்? பழைய முறையில் 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பதுதான் உச்சவரம்பு. ஒரு செக்டருக்கு 512 பைட். பெருக்கிப் பார்த்தால் சுமார் 528 எம்.பி. அதைத் தாண்டிய டிஸ்க்குகளுக்காக வந்தவைதான் மற்ற இரண்டும். முறை மாறினால், நல்ல டிஸ்க்கும் காலியானது போலவோ கெட்டுப்போனது போலவோ தெரியலாம். அந்த நேரத்தில் ‘ரிப்பேர்’ கொடுத்தால், உண்மையிலேயே கெட்டுப்போகும்.

அடுத்து கேபிள். 40 முனை ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் இருக்க வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு கருவிகள் இருந்தால், ஜம்பர் மூலம் ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ் என்று அமைந்திருக்க வேண்டும். கணினியை அணைத்துவிட்டு, கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டுவதும் உதவும். முனைகளில் படிந்த களிம்பு விலகும்.

என்ன சத்தம் வருகிறது?

இனி கொஞ்சம் காது கொடுங்கள்.

சத்தமே இல்லையா? மின்சாரம் வரவில்லை, டிஸ்க்கின் சர்க்யூட் பழுது, அல்லது மோட்டார் சுற்றவில்லை. நான்கு முனை பிளக்கில் மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட் வருகிறதா என மல்டிமீட்டரில் பாருங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்ப வேண்டாம். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கெபாசிட்டர்கள் பழுதாகியிருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் இருக்கும். நன்றாக வேலை செய்யும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டிப் பாருங்கள்.

சீராகச் சுற்றுகிறது, ஆனால் கணினி கண்டுகொள்ளவில்லையா? பேட்டரி, பயாஸ், கேபிள், ஜம்பர் எனத் திரும்பவும் முதலில் இருந்து வாருங்கள்.

‘டக்… டக்… டக்…’ என்று ஒரே தாளத்தில் தட்டுகிறதா? உடனே அணையுங்கள். ஹெட் தனது இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. சுற்றும் தட்டுக்கு மேலே, தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும் உறுப்பு அது. தட்டில் உரசினால் காந்தப் பூச்சே பெயர்ந்துவிடும். “இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே” என்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தகவலைச் சாகடிக்கலாம். மூடியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம், தூசி போதும். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும்.

நகல்தான் முதல் சிகிச்சை

டிஸ்க் சுற்றினால், சித்தப்பாவைப் போல “உடனே ஓப்பன் பண்ணிப் பாரு” என்று தோன்றும். கையைக் கட்டுப்படுத்துங்கள். பழைய விண்டோஸ் துவங்கும்போதே டிஸ்க்கில் எதையாவது எழுதும். ஸ்கேன்டிஸ்க், செக்டிஸ்க் போன்றவை ‘சரிசெய்கிறேன்’ என்று கோப்புப் பட்டியலையே மாற்றி எழுதும். புதிய கணினியில் மாட்டினால், “ஃபார்மட் செய்யவா?” என்று விண்டோஸ் கேட்கக்கூடும். கேன்சல் மட்டுமே சரியான பதில்.

டிஸ்க்கைக் கழற்றி, ஐ.டி.இ. - யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக லினக்ஸ் கணினியில் இணையுங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் தரும் அடாப்டராக இருக்க வேண்டும். மிகப் பழைய, எல்.பி.ஏ. வராத டிஸ்க்குகளைப் பல அடாப்டர்கள் கண்டுகொள்ளாது, அதற்கு ஐ.டி.இ. போர்ட் உள்ள பழைய மதர்போர்டுதான் வழி. பிறகு ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருளில் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகலெடுங்கள். சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை அது முதலில் எடுத்துவிடும்; அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு கடைசியில் முயலும். மற்ற சோதனைகள் எல்லாம் அந்த நகலில்தான்.

‘மை டாக்குமென்ட்ஸ் மட்டும் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. எங்கள் பாடல்கள் கிடைத்தன. திறந்தால் புரியாத குறியீடுகள்! யூனிகோடு பரவும் முன், ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. ஆனாலும் பழைய கோப்புகள் பழைய குறியீட்டிலேயே தங்கிவிட்டன. எந்த எழுத்துருவில் டைப் செய்தது என்று தெரிந்தால்தான் யூனிகோடுக்கு மாற்ற முடியும். சித்தப்பாவுக்கு அதன் பெயர் மறந்துவிட்டது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் அந்த எழுத்துரு பத்திரமாக இருந்தது. முழு டிஸ்க்கையும் எடுத்ததால் தப்பித்தோம்.

அந்த டிஸ்க்கின் கொள்ளளவு 4 ஜி.பி.தான். இன்று ஒரு சினிமாவை டவுன்லோடு செய்தால் ஆகிற இடம். இதில் ஏன் கஞ்சத்தனம்?

அப்போ, பழைய கணினி?

அதையும் ஓடவைக்கலாம். காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டு ஐ.டி.இ. முறையிலேயே பேசக்கூடியது. சாதாரண அடாப்டரில் மாட்டினால் பழைய கணினி அதை ஹார்டு டிஸ்க் என்றே நம்பும். “அந்தச் சத்தம் இல்லாமல் அது பழைய கணினியா?” என்பார்கள் ரசிகர்கள். அந்த ஆசை புரிகிறது. நகல் கையில் இருந்தால் தாராளமாக ஆசைப்படலாம்.

நாங்களும் ஆசைப்பட்டோம். நகல் எடுத்த பிறகு டிஸ்க்கைத் திரும்ப மாட்டி ஓட்டினோம். நான்காம் நாள் ‘டக்… டக்…’. அத்துடன் முடிந்தது அதன் கதை. வரிசையை மாற்றிச் செய்திருந்தால், பாட்டியின் பாடல்களும் அன்றே முடிந்திருக்கும்.

டிஸ்க் தட்டுகிறது, உள்ளே இருப்பதும் விலைமதிப்பற்றது என்றால் தரவு மீட்பு நிபுணரிடம் போங்கள். பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “முதலில் நகல் எடுப்பீர்களா? மூல டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா?” பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய சி.பி.யு. இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள், தூசி தட்டுங்கள். சுவிட்சை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள்.