ஒரு வாய்க்கால், பல பாத்தி!

மரக்காணம் உப்பளத்தில் உப்புநீர் வாய்க்காலில் ஓடி வருகிறது. மடை திறந்ததும் பாத்தி பாத்தியாகப் பாய்கிறது. ஒரே நேரத்தில் பல பாத்திக்குத் திறந்தால், ஒவ்வொன்றும் நிரம்ப நேரம் ஆகும். மடையை அடைக்க மறந்தால், நீர் கண்ட இடத்துக்கும் ஓடிவிடும்.

செல்போன் இன்டர்நெட்டும் இப்படித்தான்!

ஒரு போனில் வரும் இன்டர்நெட்டை, பக்கத்தில் உள்ள வேறு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். இதற்கு "ஹாட்ஸ்பாட்" என்று பெயர். போனின் "செட்டிங்ஸ்" பகுதியில் இது இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால், கையில் உள்ள போன் ஒரு சின்ன டவராக மாறிவிடும். சுமார் 30 அடி தூரத்துக்குள் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம். பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு எட்டும். அடுத்த தெருவுக்கு எட்டாது.

போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று

இதன் அருமை கொரோனா காலத்தில் தெரிந்தது.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் செல்போனுக்கு வந்தது. ஆனால், உப்பளத் தொழிலாளி வீட்டில் எத்தனை போன் இருக்கும்? இருக்கிற ஒன்றையும் தகப்பனார் விடியற்காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விட்டால், பிள்ளைகள் எதில் படிப்பார்கள்? போன் இருந்தும், "ரீசார்ஜ்" செய்யப் பணம் இல்லாத வீடுகள் எத்தனை?

கல்லூரி மாணவர்களுக்கு அரசு உதவி செய்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9 லட்சத்துக்கும் அதிகமான மாணவ-மாணவிகளுக்குத் தினமும் 2 ஜி.பி. இலவச டேட்டா என்று அறிவித்தது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். ஒன்றரை வருடத்துக்கு மேல் படிப்பில் இடைவெளி!

அந்த இடைவெளியை நிரப்ப "இல்லம் தேடிக் கல்வி" திட்டம் வந்தது. 2021 அக்டோபர் 27-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்த இடம் எது தெரியுமா? மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம்! மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டருகே வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

செல்போன் எட்டாத வீட்டுக்கு, மனிதர் போக வேண்டியிருந்தது. இதை மறந்துவிடக் கூடாது.

கொடுங்கள்; அளந்து கொடுங்கள்

எதிர்வீட்டுப் பெண் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்று வந்து நிற்கிறாள். கையில் டேட்டா இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அவசரத்துக்குக் கைப்பிடி உப்பு கொடுக்காத வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?

ஆனால், சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

முதலாவது, கணக்கு. யார் பார்த்தாலும், செலவாவது கொடுத்தவரின் டேட்டாதான். பாடம் படிக்கவும் விண்ணப்பம் அனுப்பவும் கொஞ்சம் டேட்டா போதும். தெளிவான எச்.டி. சினிமா என்றால், ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரைகூடப் போய்விடும். கம்ப்யூட்டரை இணைத்தால் இன்னொரு ஆபத்து உண்டு. அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள, சொல்லாமல் கொள்ளாமல் டேட்டாவை இழுக்கும். அதை முதலில் நிறுத்தி வைக்க வேண்டும்.

இரண்டாவது, பூட்டு. "பாஸ்வேர்டு" இல்லாமல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிடுவது, வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது போல. முன்பின் தெரியாத ஒருவன் அதில் நுழைந்து மோசடி செய்தால், விசாரணைக்கு முதலில் அழைக்கப்படுபவர் சிம் கார்டுக்குச் சொந்தக்காரராக இருக்கலாம். பாஸ்வேர்டில் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் வேண்டாம். வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட வேண்டும். மடையை அடைப்பது போல!

மூன்றாவது, சூடு. ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் சூடாகும். பேட்டரி சீக்கிரம் இறங்கும். தலையணைக்கு அடியில் வைக்கக் கூடாது. ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தேவை என்றால், சார்ஜ் போடும் ஒயர் மூலமே இணைக்கலாம். வேறு யாரும் அதில் நுழைய முடியாது. போனுக்கும் சார்ஜ் ஏறும்.

புயலிலும் கைகொடுக்கும்

மரக்காணம் கடற்கரைக்குப் புயல் புதிது அல்ல. 2020 நவம்பரில் "நிவர்" வந்தது. 2024 நவம்பரில் "பெஞ்சல்" வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கம்பெனியின் டவர் செத்துப் போனாலும், இன்னொரு கம்பெனியின் சிக்னல் இருக்கலாம். சிக்னல் உள்ளவர் பத்து நிமிடம் ஹாட்ஸ்பாட் கொடுத்தால், நாலு குடும்பம் "பத்திரமாக இருக்கிறோம்" என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடும்.

அரசின் கடமை

பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனதை மட்டும் நம்பி, ஒரு பிள்ளையின் படிப்பு இருக்கலாமா?

"இன்டர்நெட் பெறும் உரிமை, கல்வி உரிமையில் அடங்கியது" என்ற கருத்தில் கேரள ஐகோர்ட்டு 2019-லேயே தீர்ப்புக் கூறியிருக்கிறது. பெட்டிக்கடைக்காரர்கூட லைசென்சு கட்டணம் இல்லாமல் "வை-பை" நடத்த வழிசெய்யும் "பி.எம்.வாணி" திட்டத்துக்கு, மத்திய மந்திரிசபை 2020 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு இன்டர்நெட் கேபிள் கொண்டுபோகத் திட்டம் வகுத்தார்கள்.

தீர்ப்பு இருக்கிறது. திட்டம் இருக்கிறது. கேபிள் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடக் கூடாது. நூலகத்திலும் பள்ளிக்கூடத்திலும், உப்பளத்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க இடமும் இன்டர்நெட்டும் கிடைக்க வேண்டும்.

பாத்திக்குப் பாத்தி நீர் விடுவது அண்டை வீட்டாரின் அன்பு. வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது அரசின் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் உப்பு விளையும்!