சம்பளத்தை அரிசியில் கணக்கிடுவோம்

சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் நம் காதில் விழும் ஒரு நியாயம் உண்டு: "உங்கள் பாட்டன் சதத்தில் வாங்கினான், நீங்கள் ஆயிரத்தில் வாங்குகிறீர்கள், இன்னும் என்ன குறை?" ரூபாவை மட்டும் எண்ணினால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே அரிசியில் எண்ணிப் பார்ப்போம்.

1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929இல் தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம் நாட்கூலி. தோட்டம் கொடுத்த அரிசி புசல் 6 ரூபா 40 சதம். புசலுக்கு 32 கொத்து. கொத்து 20 சதம். புருசன், பெண்சாதி, ஒரு பிள்ளை என மூவரும் வேலைக்குப் போனால் 1 ரூபா 20 சதம். அதற்கு 6 கொத்து அரிசி. கொத்து இரண்டு இறாத்தல் என்றால் சுமார் ஐந்தரைக் கிலோ.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா கழிந்தால் கையில் 1242 ரூபா. அதே ஆண்டு டிசம்பரில் அரசு நிர்ணயித்த நாட்டரிசி உச்ச விலை கிலோ 230 ரூபா. கணக்குப் போட்டால் 5 கிலோ 400 கிராம்.

ஆக, அன்று மூன்று பேர் உழைத்துக் கொண்டுவந்த அரிசியை 2024இல் ஒருவர் கொண்டுவந்தார். முன்னேற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு பேருக்கான சம்பளம் அரிசிக் கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. பிள்ளையின் பெயர் செக்ரோலை விட்டுப் பாடசாலை இடாப்புக்குப் போனது. எல்லாம் போராடிப் பெற்றவை.

ஆனால் வரக்காப்பொல பகுதி லயங்களில் செக்ரோலில் ஒரே பேர் உள்ள வீடுகள் எத்தனை என்று பாருங்கள். 2024 கணக்கின்படி அந்த வீட்டுக்கு வந்தது 1929ஆம் ஆண்டின் அரிசிதான். செலவோ 1929ஆம் ஆண்டின் செலவல்ல. கரண்ட் பில், பஸ் காசு, கொப்பி, சப்பாத்து, டியூஷன், போனுக்கு டேட்டா, மருந்து எல்லாம் அதே அரிசிக்காசில்தான். தமிழ் மூலம் உயர்தரம் படிக்கப் பிள்ளை தூரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அந்தக் காசு இல்லாதபோதுதான் வகுப்பில் ஒரு கதிரை காலியாகிறது, கொழும்புக் கடையில் ஒரு பையன் சேர்கிறான். மூன்றாவது பேர் மறுபடியும் உழைக்கப் போய்விட்டது.

நம்முடையது ரப்பர். விடியற்காலை மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை, சம்பளமும் நின்றுபோகிறது. நாட்சம்பளத்தை முப்பதால் பெருக்கிக் காட்டுபவர்கள் மழைக்காலத்தில் நம் சம்பளச் சீட்டைப் பார்க்கட்டும். அந்த ஓட்டையை அடைக்க நுண்கடன், அடகுக் கடை. கங்காணியின் கடனில் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் ஒழிந்தது. கடன் ஒழியவில்லை.

விலை நமக்காகக் காத்திருப்பதுமில்லை. 2021 மார்ச்சில் 1000 ரூபா வந்தது. அடுத்த உயர்வு 2024 செப்டெம்பரில். இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரே வருடத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. சம்பளம் மூன்றரை வருடம் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் நாட்சம்பளம் எத்தனை என்பதோடு நம் கோரிக்கை முடியக்கூடாது. நுகர்வோர் விலைச் சுட்டெண் ஏறும்போது சம்பளமும் தானாக ஏற வேண்டும். மழை நாளையும் சேர்த்து மாதத்துக்கு இத்தனை பேர் என்ற உத்தரவாதம் வேண்டும்.

இதைக் கேட்க நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். வரும் மாதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி போடுங்கள். வரவு ஒரு பக்கம், செலவு மறுபக்கம்; கடனையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுத வராத அம்மாவுக்கு, ஐயாவுக்குப் பாடசாலைப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மாத முடிவில் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். வீட்டின் பெயர் வெளியே போகாது. கணக்கு மட்டும் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்.